வாண்டாவின் முழங்கை

முழங்கையைத்தான் நீட்டுவார். பௌலிங் தடத்தின் கோடியில் நிற்கும் பத்துப் பின்களையும் ஒரே உருட்டில் சாய்த்துவிட்டு யார் துள்ளிக்கொண்டு வந்தாலும், ஆட்டம் முடிந்து எதிரணிக்காரர்கள் வரிசையாக வந்தாலும், ஈஸ்டர் சந்தையில் பாதிரியாரே எதிரே வந்து நின்றாலும், வாண்டா மிகால்ஸ்கியிடமிருந்து கிடைப்பது அந்த வலது முழங்கை ஒன்றுதான். இடி பலமாகவே விழும். அவருடைய அணிச்சட்டையில் அந்த இடம் மட்டும் நூல் தேய்ந்து வெளிறிப்போயிருக்கிறது. பௌலிங் கூடத்தில் மற்ற எல்லோரும் உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டிக்கொள்ளும் பழைய வழக்கத்துக்கு எப்போதோ திரும்பிவிட்டார்கள். விஷயம் தெரியாத புது ஆள் யாராவது கையை ஓங்கிக்கொண்டு வாண்டாவிடம் போனால், அவருடைய அணியில் ஆடும் டுவைட் குறுக்கே புகுந்து அந்தத் தட்டலைத் தான் வாங்கிக்கொள்வார்.

"அந்தம்மா கடை இன்னும் தொறக்கல. இங்க குடு."

டுவைட் குழாய் வேலை செய்கிறவர். பனிக்காலத்தில் உறைந்து வெடிக்கும் குழாய்களுக்காக ஊரே அவரைத் தேடும், வியாழக்கிழமை சாயங்காலம் தவிர. வியாழன் சாயங்காலம் கோவால் கூடத்தில் லீக் ஆட்டம். அமெரிக்காவில், பஃபலோ நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் கூரை தாழ்ந்த பழைய கட்டடம். உள்ளே வறுத்த கோழிச் சிறகும் தரை மெழுகும் கலந்த வாசனை. வாண்டாவின் அணிக்கு ஸ்பேர் டயர்ஸ் என்று பெயர். நான் பக்கத்துத் தடத்தில் மருந்துக்கடை ஊழியர் அணிக்காக ஆடுகிறேன். அதாவது, பக்கத்துத் தடத்தில் தோற்கிறேன். என் முறை வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்காக வாண்டா எனக்கு வைத்த பெயர் "மியூட்டு".

"என்ன மியூட்டு, அந்த பட்டனை எவனாவது அமுக்கி விட்டாதான் பேசுவியா நீ?"

கனத்த உடம்பு. குட்டையாக வெட்டிய நரைத்த முடி. உட்காரும்போதெல்லாம் இடதுகால் தானாக ஒரு பெடலைத் தேடும். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். நான் குடியிருக்கும் தெருமுனையில்தான் அந்த மஞ்சள் வண்டி நிற்கும். காலையில் நகரப் பேருந்துக்குக் காத்திருக்கும்போது கதவு திறந்த கணத்தில் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்கும். "ஏய் ராசா, ஆறடி! அவன் மூஞ்சில போய் விழாத, ஆறடி தள்ளு!" பின்சீட்டில் அடித்துக்கொள்ளும் பையன்கள் விலகுவார்கள். அந்தச் சொல் எந்த நாட்களில் பிறந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. வாண்டாவின் சொந்தத் திட்டு என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை வீட்டில் தன் தங்கையைப் பார்த்து "போடி ஆறடி" என்று சொல்ல, அம்மா பதறிப்போய்ப் பள்ளிக்கூடத்துக்கு போன் செய்துவிட்டாளாம். இதைச் சொல்லிச் சொல்லி ஒரு குளிர்காலம் முழுக்கச் சிரித்தார் வாண்டா.

இந்த ஊரில் பனி உருகிப் போன பிறகும் காலணியில் வெள்ளையாக ஒரு கோடு நிற்கும். சாலைக்குப் போட்ட உப்பு. துடைத்தால் போகும், ஆனால் காய்ந்ததும் திரும்பி வரும். நோய்க்காலம் விட்டுப்போன சொற்களும் அப்படித்தான் எல்லோர் வாயிலும் நிற்கின்றன. கூடத்தின் சொந்தக்காரர் ரிச், வராத பாக்கிக்காரனைப் பற்றி "ஏதோக்கிழமை வருவான்" என்பார். நாட்களுக்குப் பெயரில்லாமல் போன மாதங்களில் எல்லாக் கிழமைக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. யாருடன் யாருக்குச் சினேகம் என்று கேட்டால், "அவ என் குமிழிக்குள்ள கெடயாது" என்று பதில் வரும். வெளியாட்களோடு ஒட்டாமல் தங்களுக்குள் மட்டும் பழகிக்கொண்ட நாலைந்து பேருக்கு அந்த நாட்களில் குமிழி என்று பெயர். கோடித் தடத்தில் பின் அடுக்கும் இயந்திரம் கெட்டுப்போய்க் கிடக்கிறது. எப்போது சரியாகும் என்று கேட்டால் ரிச் முகத்தை மாற்றாமல் "ரெண்டு வாரம்" என்பார். கூடமே சிரிக்கும். இரண்டு வாரம் வீட்டுக்குள் இருங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று ஊருக்கு முதலில் சொல்லப்பட்டதை யாரும் மறக்கவில்லை. நடக்காத எல்லாவற்றுக்கும் இங்கே இப்போது அதுதான் தவணை.

வாண்டாவிடம் சொற்கள் மட்டும் தங்கவில்லை. காலமே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. "போன வருஷம்" என்று அவர் சொன்னால், எந்த வருஷம் என்று நாம்தான் கணக்குப் போட வேண்டும். "போன வருஷம்தானடா இந்த ரோடு போட்டாங்க" என்பார், பேருந்தே முழுகும் பள்ளத்தைக் காட்டி. போன வருஷம் வாங்கிய கோட்டில் உள்துணி கிழிந்து தொங்கும். போன வருஷம் கல்யாணம் ஆன பெண் மூன்று பிள்ளைகளோடு எதிரே வருவாள். நோய் வருவதற்கு முந்தைய வருஷம்தான் அவருக்குப் போன வருஷம். அதற்குப் பின் வந்ததெல்லாம் "இப்ப". நடுவில் இருந்ததற்கு அவர் வைத்திருக்கும் பெயர் "இல்லாத வருஷம்". பிறந்தநாளுக்கு ஆர்லீன் கேக் கொண்டுவந்தபோது, மெழுகுவத்திகளை எண்ணி ஒன்றைப் பிடுங்கி வெளியே வைத்தார்.

"அந்த வருஷத்தை நான் உபயோகிக்கவே இல்ல. பெட்டியைப் பிரிக்காம அப்படியே திருப்பிக் குடுத்துட்டேன். அதுக்கும் சேத்து எனக்கு வயசு போடாத."

ஆர்லீன் டுவைட்டின் மனைவி. அணியில் மூன்றாவது ஆள். நான்காவது ஆள் ஜீன், வாண்டாவின் தம்பி. திரையில் ஸ்பேர் டயர்ஸ் அணியின் பெயர்கள் எரியும்போது ஜீன் பெயரும் எரியும். ஜீன் இறந்து இது ஆறாவது குளிர்காலம்.

லீக் ஆட்டத்தில் வராத ஆளுக்கும் எண் உண்டு. அவர் வழக்கமாக எடுக்கும் சராசரியில் பத்தைக் கழித்து, வந்திருந்தால் இவ்வளவு எடுத்திருப்பார் என்று அணியின் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அதற்குக் குருட்டுக் கணக்கு என்று பெயர். காய்ச்சல்காரனுக்கும் ஊருக்குப் போனவனுக்குமான ஏற்பாடு. கூடம் மறுபடி திறந்த இலையுதிர் காலத்தில், ரிச் அணிகளின் பெயர்களை ஏற்றிக்கொண்டு வந்தபோது, நாலாவது யார் என்று வாண்டாவிடம் கேட்டார். "ஜீன்தான். இப்ப வரல, அவ்ளோதான். குருட்டுக் கணக்கு போட்டுக்கோ" என்றார் வாண்டா. அந்த நாட்களில் யாருக்கும் யாரையும் மறுத்துப் பேசும் தெம்பில்லை. ரிச் போட்டுக்கொண்டார். அந்தப் பருவம் முடியட்டும் என்று நினைத்திருப்பார். அடுத்த பருவம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஜீன் வராமல் வந்துகொண்டிருந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும்: அந்த அணியில் ஒழுங்காக ஆடுகிறவர் ஜீன் மட்டும்தான். டுவைட்டுக்கு முதுகு பிடிக்கும், ஆர்லீனுக்குக் கோபம் வந்தால் பந்து தடத்தின் ஓரப் பள்ளத்தில்தான் ஓடும், வாண்டாவுக்கு முட்டி. ஜீனுக்கு ஒன்றும் வராது. வாரம் தவறாமல் அதே எண்.

"ஜீன் இன்னிக்கு எப்படி?" என்பார் பக்கத்து அணிக்காரர் யாராவது.

"அவனுக்கென்ன, ஸ்டெடியா இருக்கான்," என்பார் வாண்டா. தன் பீருக்குப் பக்கத்து நாற்காலியை முழங்கையால் ஒரு இடி இடிப்பார். நாற்காலி கொஞ்சம் நகரும்.

முழங்கையின் கதையை வாண்டா எனக்குச் சொன்னதில்லை. டுவைட்தான் சொன்னார், ஒருநாள் கோழிச் சிறகுத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, வாண்டா புகைபிடிக்க வெளியே போயிருந்த நேரத்தில்.

அது அந்த மார்ச் மாதத்து வியாழன். தலைக்குமேல் தொங்கும் தொலைக்காட்சியில் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். கூடைப்பந்து நின்றது, ஊர்வலம் நின்றது. இங்கே கோவாலில் மட்டும் அரைக் கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. கை கொடுக்காதீர்கள், முழங்கை இடித்துக்கொள்ளுங்கள் என்று அன்றைக்குத்தான் டிவியில் யாரோ சொல்லியிருந்தார்கள். எல்லோருக்கும் அது ஒரு விளையாட்டாக இருந்தது. கடைசி ஆட்டத்தின் கடைசி உருட்டில் ஜீன் பத்தையும் சாய்த்தார். நல்ல உயரம் அவர். கையை மேலே தூக்கிக்கொண்டு, வழக்கம்போல, நேராக அக்காவிடம் வந்தார். வாண்டா முழங்கையை நீட்டினார்.

"ரெண்டு வாரத்துக்குக் கை கெடயாது தம்பி. டிவில சொல்லிட்டான்."

"நான் உன் தம்பிடி."

"தம்பியா இருந்தா மட்டும்? ஆறடி!"

ஜீன் கையைத் தூக்கியபடி கொஞ்ச நேரம் நின்றாராம். வாண்டா அசையவில்லை, சிரித்துக்கொண்டேயிருந்தார். கடைசியில் ஜீன் தன்னுடைய இன்னொரு கையால் அந்தக் கையைத் தானே தட்டிக்கொண்டார். "சரி, எனக்கு நானே குடுத்துக்கறேன், போ." அதற்கும் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

மறுவாரம் கூடம் மூடப்பட்டது. ஏப்ரலில் ஜீனை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடவில்லை. ஒரு நர்ஸ் படுக்கைக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக் காட்டியிருக்கிறாள். வாண்டா தன் சமையலறையில் உட்கார்ந்து மூச்சுக் கருவியின் குழாயையும் கொஞ்சம் தாடியையும் பார்த்திருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் காரைவிட்டு இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம்.

"அதுக்கப்புறம் அவ யாருக்கும் கை குடுத்து நான் பாத்ததில்ல," என்றார் டுவைட். "எங்கிட்டயே குடுக்க மாட்டா. நான் கேக்கவும் மாட்டேன்." சிறகு எலும்பைத் தட்டில் போட்டு விரலைத் துடைத்துக்கொண்டார். வாண்டா பனியை உதறியபடி உள்ளே வருவது தெரிந்ததும், "அப்ப நீ ஏன்டா இவ்ளோ மட்டமா ஆடற?" என்று என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

இந்தப் பருவத்தில் ஸ்பேர் டயர்ஸ் ஜெயிக்க ஆரம்பித்ததுதான் வினையாகப் போயிற்று. கிறிஸ்துமஸுக்குள் அட்டவணையின் உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். அவர்கள் தோற்றுக்கொண்டிருந்தவரை யாருக்கும் ஜீனால் தொந்தரவில்லை. தீயணைப்பு நிலையத்து அணி அவர்களிடம் ஒரே வாரத்தில் மூன்று ஆட்டமும் தோற்றது, அதில் ஒருவன் ரிச்சிடம் போய், "செத்தவன்கிட்ட தோத்துட்டேன்னு வீட்ல எப்படிய்யா சொல்றது?" என்று கேட்டுவிட்டான். நியாயமான கேள்வி. ரிச் மூன்று வாரம் அதைத் தள்ளிப்போட்டார். அப்புறம் ஒரு வியாழன் வாண்டாவின் மேசைக்கு வந்து, நின்றுகொண்டே சொன்னார்.

"வாண்டா, பிப்ரவரிலேர்ந்து நாலாவது எடத்துல உசுரோட ஒரு ஆள் வேணும். இல்லன்னா டீமை எடுக்கச் சொல்றாங்க எல்லாரும்."

"உசுரோடதான? டுவைட்டு உசுரோட இருக்கான். அவன் ஆடற லட்சணத்தைப் பாத்தியா?"

"நான் சிரிக்க வரல, வாண்டா."

"தெரியுது. ரெண்டு வாரம் குடு."

ரிச் சிரிக்கவில்லை. பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. அணியை விட்டால் வாண்டாவுக்கு வியாழன் இல்லை. பெயரை அழித்தால் ஜீன் இல்லை. இரண்டில் ஒன்றை அவரே செய்தாக வேண்டும். அன்றைக்கு அவர் உருட்டிய பந்துகளில் பாதி ஓரப் பள்ளத்தில் விழுந்தன.

மறுவாரம்தான் யெசெனியா வந்தாள். வாண்டாவின் பேருந்துப் பணிமனையில் புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர். போர்ட்டோ ரிக்கோ குடும்பம், மேற்குப் பக்கத்து ஆள், முப்பது வயதிருக்கும். தன் சொந்தப் பந்தை ஒரு பூப்போட்ட பையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"உங்க டீம்ல ஒரு எடம் காலியா இருக்காமே? பணிமனைல சொன்னாங்க."

"காலியா இல்ல கண்ணு. ஆள் வரல, அவ்ளோதான்."

"எப்ப வருவாரு?"

டுவைட் காலணி நாடாவைக் கட்டக் குனிந்துகொண்டார். வாண்டா திரையைப் பார்த்தபடி சொன்னார்: "ரெண்டு வாரத்துல."

யெசெனியா பையைக் கீழே வைத்தாள். "அந்த ரெண்டு வாரமா?" என்றாள். "எங்க மாமாவும் அந்த ரெண்டு வாரத்துலதான் வரேன்னு போனாரு."

வாண்டா அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார். சிறகுத் தட்டை அவள் பக்கம் தள்ளினார். கூடவே தொட்டுக்கொள்ளும் சீஸ் கிண்ணத்தையும். யெசெனியா நின்றபடியே இரண்டு சிறகு தின்றுவிட்டுப் போனாள். இடம் பற்றி இருவரும் பேசவில்லை.

ஜனவரிக் கடைசியில் ஏரியிலிருந்து பனி வந்து மூன்று நாள் ஊரை மூடியது. திறந்த நாள் வியாழன். வாண்டா பணிமனைக் கோட்டோடு நேராகக் கூடத்துக்கு வந்தார். கோட்டைக் கழற்றவில்லை, காலணி மாற்றவில்லை, பீர் சொல்லவில்லை. டுவைட்டுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எங்க வண்டில டெஸ்ஸான்னு ஒரு பொண்ணு வருது. பாலர் வகுப்பு. முன்சீட்டுதான், எப்பப் பாத்தாலும் வாயடிக்கும்."

"சரி."

"இன்னிக்குக் காலைல அதுக்குப் பல்லு விழுந்துருச்சு. வண்டிலயே. ரத்தம் ஒழுக எழுந்து வந்து எங்கிட்ட நீட்டுது. வச்சுக்கோ, தொலச்சுடாதேங்குது. நான் காப்பி மூடியைக் கழட்டி அதுல வாங்கி வச்சேன்."

"நீ கைல வாங்கலியாக்கும்," என்றார் ஆர்லீன்.

வாண்டா அதைக் காதில் வாங்கவில்லை. "எப்பம்மா பொறந்தேன்னு கேட்டேன், சும்மா பேச்சுக்கு. ஏப்ரலுன்னுது. எந்த ஏப்ரலுன்னு கேக்கல, எனக்கே தெரிஞ்சுது. அதுவா சொல்லுது: நான் பொறந்தப்ப ஆஸ்பத்திரில யாரையும் விடலையாம், எங்கப்பா என்னைப் போன்லதான் பாத்தாராம்."

தலைக்குமேல் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கோடித் தடத்து இயந்திரத்தை யாரோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"அதுக்குப் பல்லு விழுந்துருச்சுடா, டுவைட்டு," என்றார் வாண்டா. "கீழ புதுசு மொளச்சிட்டிருக்கு. வெள்ளையா நுனி தெரியுது." சட்டைப்பையில் எதையோ தேடுவதுபோல் கையை விட்டு, வெறுமே வெளியே எடுத்தார். "நான் அந்த வருஷம் இல்லவேயில்லன்னு சொல்லிட்டுத் திரியறேன். அது அந்த வருஷத்துலேர்ந்து எறங்கி வந்து எங்கிட்டப் பல்லைக் குடுக்குது."

டுவைட் தன் பீரை அவர் பக்கம் தள்ளினார்.

போன வியாழன் யெசெனியா பூப்போட்ட பையோடு வந்தாள். வாண்டாதான் வரச் சொன்னாராம். எப்போது சொன்னார், என்ன சொன்னார் என்று தெரியாது. ஆட்டம் தொடங்குமுன் பெயர் ஏற்றும் பெட்டிக்கு ரிச் வந்தார். வாண்டா அவரை முழங்கையால் நகர்த்திவிட்டுத் தானே அதன்முன் நின்றார். கண்ணாடியை மாட்டினார். ஜீன் பெயரின் எழுத்துக்கள் திரையில் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் போயின. கடைசி எழுத்தில் விரல் நின்றது. அடுத்த தடத்திலிருந்த நான் என் முறையை மறந்து நின்றேன். பின்னாலிருந்து என் அணிக்காரர் கத்தினார். அதற்குள் அந்த எழுத்தும் போய்விட்டது.

"உன் பேர் நீளமா இருக்கு கண்ணு. பாதிதான் விழும் போல."

"யெசின்னு போடுங்க. வீட்ல அப்படித்தான் கூப்புடுவாங்க."

யெசெனியாவின் முதல் பந்து ஓரப் பள்ளத்துக்குப் போனது. இரண்டாவதும் ஓரம். அடுத்த முறை மூன்று பின்கள் விழுந்தன. டுவைட்டால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ஜீன் செத்தும் இதைவிட நல்லா ஆடினான்!"

ஆர்லீன் அவர் தொடையில் ஒரு அறை விட்டார். ஆனால் வாண்டா சிரித்துவிட்டார். பெரிய சிரிப்பு, இருமலில் போய் முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் கேட்டுட்டிருந்தா பீர் வாங்கிக் குடுத்திருப்பான்டா உனக்கு," என்றார். பக்கத்து நாற்காலியில் இப்போது பூப்போட்ட பை இருந்தது. அதை இடிக்க வாய்ப்பில்லை.

ஐந்தாவது முறையோ ஆறாவதோ, யெசெனியாவின் பந்து நடுவில் போய்ச் சரியாக மோதியது. பத்தும் சாய்ந்தன. ஒரு பின் மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்து, மனசு மாறியதுபோல் விழுந்தது. அவள் கத்திக்கொண்டே திரும்பினாள். கையை உயரத் தூக்கிக்கொண்டு நேராக வாண்டாவிடம் வந்தாள். அவளுக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. டுவைட் எழப் பார்த்தார். ஆர்லீன் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

வாண்டாவின் முழங்கை வழக்கம்போல் எழுந்தது. யெசெனியா அதைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல், தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டு நின்றாள். முழங்கை பாதியில் இறங்கியது. பந்து திரும்பி வரும் மேடையில் கை உலர்த்தச் சின்னதாக ஒரு காற்றுத் துளை உண்டு. வாண்டா தன் வலது கையை அதன்மேல் பிடித்தார். இன்னும் அவர் முறை வரவில்லை, கையில் ஈரமும் இருந்திருக்காது. புறங்கையைக் காட்டினார், பிறகு உள்ளங்கையை, பிறகு விரல்களை விரித்து மறுபடியும் உள்ளங்கையை. யெசெனியா காத்திருந்தாள்.

பிறகு அந்தக் கையை உயர்த்தினார். தட்டவில்லை. அவள் உள்ளங்கையில் தன் உள்ளங்கையை மெல்ல வைத்து, அப்படியே விட்டுவிட்டார். தடத்தின் கோடியில் இயந்திரம் இறங்கிப் பத்துப் பின்களையும் நிறுத்திவைத்து மேலே போனது. திரையில் அடுத்த முறைக்கு அவர் பெயர் மினுக்கத் தொடங்கியது. வாண்டா கையை எடுக்கவில்லை.